குடைத் தண்ணீர்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவள் கணவரும் அரசாங்கக் கடிதங்களும் தவிர வேறு யாரும் பயன்படுத்துவதில்லை. வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் அவள் சார்ட்டம்மாதான்.

வீட்டில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். இருபத்தேழு வயதில் ஒன்பது மாதப் பயிற்சி முடித்து இறங்கியவளுக்கு இப்போது ஐம்பத்தேழு. இந்தத் தொழிலில் சார்ட் எழுதாதவர்கள் கிடையாது. ஆனால் அவள் எழுதுவது தனி ரகம். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, எத்தனை வாய் சாப்பாடு, எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, எத்தனை அடி நடந்தார், நடக்கும்போது யாரைத் திட்டினார் என்பது வரை அதில் இருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது அவருக்கும் ஒரு சார்ட் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அதில் ‘புலம்பல்’ என்று ஒரு கட்டம். மணிக்கு மணி டிக் விழுந்துகொண்டே போனதைப் பார்த்த மனிதர் மறுநாளே எழுந்து வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. காயத்துக்குக் கட்டுப் போட்டால் அதன் மேல் தேதி எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எப்போது போட்ட கட்டு என்று தெரியாவிட்டால் எப்போது மாற்றுவது? நியாயமான கேள்வி. அவள் அதைக் கட்டோடு நிறுத்தவில்லை. பிளாஸ்டர் என்று எதை எங்கே ஒட்டினாலும் தேதி, நேரம், தன் பெயரின் முதல் எழுத்து மூன்றும் அதன் மேல் ஏறிவிடும். அவளுடைய கைப்பையின் பிடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டரில்கூடத் தேதி இருக்கிறது.

மூன்றாவது, அவளுடைய தண்ணீர் பாட்டில். நோயாளி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். அதுவும் பயிற்சியில் வந்ததுதான். இன்று தண்ணீர் குடிப்பாய், நாளை சாப்பிடுவாய், அடுத்த வாரம் குடும்பச் சண்டைக்கு நீதான் நடுவராக உட்கார்ந்திருப்பாய் என்று அந்த ஆசிரியை சொல்லியிருந்தார். முப்பது வருடமாகச் சார்ட்டம்மா காலையில் வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலோடு வருவாள், மாலையில் காலி பாட்டிலோடு போவாள்.

இந்த மூன்று நல்ல பழக்கங்களும் சேர்ந்து அவளை ஒருமுறை கவிழ்க்கப் பார்த்தன. அந்தக் கதைதான் இது.

அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. ஓய்வு பெற்றவர். எழுபத்தொன்பது வயது. நாற்பது வருடம் உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் தொங்கி வேலை பார்த்தவர், கடைசியில் குளியலறையில் ஒரு அடி உயரப் பலகையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் அந்த மூன்று வாரப் படுக்கையில் கால்கள் நடப்பதையே மறந்துவிட்டன. வீட்டுக்கு வந்தவரை ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டித்தான் அவள் நடக்கவைத்திருந்தாள். முதலில் கட்டிலிலிருந்து நாற்காலி. பிறகு வாசற்கதவு. இப்போது கதவைத் தாண்டி மாடி நடையில் இருக்கும் லிஃப்ட் வரைக்கும் நாற்பத்திரண்டு அடி. அங்கே போய் அவர் லிஃப்ட் கதவில் காதை வைப்பார். “பேரிங் அழுதுட்டிருக்கு. எவனும் கேக்க மாட்டேங்கறான்” என்பார். திரும்பி நாற்பத்திரண்டு அடி. அதுதான் அவருக்கு அன்றைய செய்தித்தாள்.

வீடு நாலாவது மாடியில். கூடத்தில் கட்டில், கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் அகன்ற இலைகளோடு ஒரு தொட்டிச் செடி. கட்டிலில் படுத்தால் நேர் எதிரே சமையலறைக் கதவு, அதற்கு உள்ளே சிங்க்கை ஒட்டிய சுவரில் தண்ணீர் ஃபில்டர். மூன்று வெள்ளைக் குடுவைகள் வரிசையாகத் தொங்கும், மேலே ஒரு சின்னப் பெட்டி. பெரியவரின் மகள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்த்தாள். காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறு. தகப்பனை ‘அப்பா’ என்றும் சார்ட்டம்மாவை ‘அக்கா’ என்றும் கூப்பிட்டு இரண்டு பேரையும் ஒரே குரலில் அதட்டுவாள்.

தண்ணீர் விவகாரம் ஒரு மாதமாகவே நடந்துகொண்டிருந்தது. பெரியவர் தண்ணீர் தம்ளரைக் கையில் வாங்குவார், முகர்ந்து பார்ப்பார், மூக்கைச் சுளிப்பார்.

“குடை வாசம் அடிக்குது.”

எந்தக் குடை என்று கேட்டால், நனைந்த குடையை மடக்கி மூலையில் வைத்து மறந்துவிட்டு ஒரு வாரம் கழித்து விரித்தால் என்ன வாசமோ அது என்று விளக்கமாகவே சொல்வார். சார்ட்டம்மா இதையும் சார்ட்டில் எழுதினாள்: ‘11.20. தண்ணீர் மறுத்தார். காரணம்: குடை.’

எழுதியதோடு விடவில்லை. நோயாளி ஒன்று சொன்னால் அதைச் சோதிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் நாக்கை டார்ச் அடித்துப் பார்த்தாள். பல்செட்டை மூன்று வேளை தேய்த்தாள். வாயில் இரும்புச் சுவை தரும் மாத்திரை ஏதாவது உண்டா என்று மருந்துக் கடையில் விசாரித்தாள். ஸ்டீல் தம்ளரைக் கண்ணாடித் தம்ளராக்கினாள், அதையும் வெந்நீரில் போட்டு எடுத்தாள். தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் சோதித்தாள். ஃபில்டர் தண்ணீரில் என்ன இருக்கப் போகிறது? மகளும் அதைத்தான் குடிக்கிறாள். ஆனால் மகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் குடிப்பதெல்லாம் திக்கான டீயாகத்தான் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகு பெரியவர் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டார். கொடுத்த தம்ளரெல்லாம் காலியாகத் திரும்பி வந்தது. சார்ட்டில் தினம் எட்டு தம்ளர். மகள் நிம்மதியானாள். சார்ட்டம்மாவுக்கு நிம்மதி வரவில்லை. உள்ளே எட்டு என்றால் வெளியே குறைந்தது ஐந்தாறாவது வர வேண்டும். மூன்றுதான் வந்தது. மூன்று நாள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒரு மனிதர் நாளைக்கு ஐந்து தம்ளர் தண்ணீரை வியர்வையாகவே விட்டுவிட முடியாது, அதுவும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

திங்கட்கிழமை காலை டாக்டரின் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக எண் ஏறியிருக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றியதுதான் காரணமாக இருக்க வேண்டும், நன்றாகக் குடிக்கவையுங்கள், வெள்ளிக்கிழமை மறுபடி எடுப்போம் என்றார் டாக்டர். அப்போதும் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டும், ஒரு வாரமாவது ஆகும்.

ஒரு வாரம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் போர்வையை விலக்கித் தன் கால்களைப் பார்த்தார். ஒரு வாரப் படுக்கை அந்தக் கால்களை என்ன செய்யும் என்று சார்ட்டம்மாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நாற்பத்திரண்டு அடியை இன்னொரு முறை முதலிலிருந்து சம்பாதிக்க அவருக்கு வயதில்லை.

அவள் போனை வைத்துவிட்டுத் தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் போனாள். மண்ணில் விரலை விட்டாள். விரல் முழுசாக உள்ளே போனது.

“ஐயா, இந்தச் செடிக்கு யாரு தண்ணி ஊத்தறது?”

“எனக்கென்ன தெரியும்? மழை பெஞ்சிருக்கும்.”

“கூடத்துக்குள்ளயா?”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குட்டு உடைந்துவிட்டது என்பது அவர் காதுகளின் சிவப்பிலேயே தெரிந்தது.

அன்று மத்தியானம் சார்ட்டம்மா ஒரு தந்திரம் செய்தாள். பிறகு அதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. மகள் எப்போதோ கடையில் வாங்கிக் குடித்துவிட்டு வைத்திருந்த ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில், ஃபில்டர் தண்ணீரையே பிடித்து நிரப்பினாள். மலை ஊற்றுத் தண்ணீர், இப்போதுதான் கடையிலிருந்து வரவழைத்தேன் என்று சொல்லிக் கொடுத்தாள். குடித்துவிட்டால் குடை வாசம் எல்லாம் மனப்பிரமை என்று முடிவாகிவிடும்.

பெரியவர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“குடையை பாட்டில்ல அடைச்சுக் கொண்டாந்திருக்கீங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாட்டிலை மூடி அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். “இனிமே நீங்க எந்தத் தண்ணியக் கொடுத்தாலும் நான் நம்ப மாட்டேன், சார்ட்டம்மா.”

அவர் சொன்னால் சொன்னதுதான். சாயங்காலம் மகள் உண்மையிலேயே கடையிலிருந்து சீல் பிரிக்காத பாட்டில் இரண்டு வாங்கி வந்தாள். அவர் தொடவில்லை. சீலை ஒட்டவைக்க ஆயிரம் வழி இருக்கிறது, இந்த வீட்டில் இருக்கிற பிளாஸ்டரே போதும் என்றார். மகள் கெஞ்சினாள், மிரட்டினாள், அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அரை தம்ளர் பாலோடு இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் யாரோ சார்ட்டம்மாவின் பையை நசுக்கிவிட்டார்கள். வந்து பார்த்தால் பாட்டிலின் மூடி திறந்து தண்ணீர் முழுக்கப் பையில். சார்ட் நோட்டு தப்பித்தது. அவளுடைய பிரஷர் மாத்திரையும் தப்பித்தது. ஒன்பது மணிக்கு அதைப் போட்டாக வேண்டும். மாத்திரை விழுங்க ஒரு வாய் தண்ணீர் குடித்தால் முப்பது வருட விரதம் முறிந்துவிடாது, அது மருந்துக் கணக்கில் சேர்த்தி என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஃபில்டர் குழாயைத் திறந்தாள்.

மாத்திரை நாக்கில். ஒரு வாய் தண்ணீர்.

விழுங்கிவிட்டுச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வாசமாக இல்லை, சுவையாகவே இருந்தது. நனைந்த குடை. மடக்கி, மூலையில் வைத்து, ஒரு வாரம் கழித்து விரித்த குடை. அந்த மனிதர் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அப்புறம்தான் அவள் ஃபில்டரை நிமிர்ந்து பார்த்தாள். தினம் பத்து முறை அதன் முன்னால் நின்றவள், அன்றுதான் பார்த்தாள். மேலே இருந்த சின்னப் பெட்டியில் ஒரு துண்டு மருத்துவ பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஓரங்கள் பழுப்பாகிச் சுருண்டிருந்தன. அதன் மேல் பேனாவில் தேதி, நேரம், ஒரு எழுத்து. அவள் கையெழுத்து. அவள் பெயரின் முதல் எழுத்து. தேதியைக் கணக்குப் போட்டாள். பதினாலு மாதம்.

பிளாஸ்டரை உரித்தாள். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு நன்றாக விழித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் நினைவுக்கு வந்தது. பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம். மத்தியானம் திரைச்சீலையை மூடிவிட்டுப் படுக்கவைத்தால் எதிரே ஒரு சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று தூங்காமல் புலம்பினார். அவள் போய் ஒரு துண்டு பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டினாள். அவர் தூங்கினார். வேலை முடிந்தது. அந்த விளக்கு எதற்காக எரிகிறது என்று யார் யோசித்தார்கள்? உள்ளே இருப்பதை மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று பதினாலு மாதமாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் வாயைக் கட்டியது அவள். கட்டிய தேதியையும் ஒழுங்காக எழுதிவைத்தது அவள்.

பிளாஸ்டரைச் சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கலாம். ஃபில்டர் பழசாகிவிட்டது என்று மட்டும் மகளிடம் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த யோசனை அவளுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அவள் கூடத்துக்குப் போய்ச் சார்ட் நோட்டைத் திறந்து, அன்றைய பக்கத்தில் அந்தப் பிளாஸ்டரையே ஒட்டி, பக்கத்தில் எழுதினாள்: ‘குடை உண்மை. தவறு என்னுடையது.’ நோட்டைப் பெரியவர் மடியில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிளாஸ்டரில் இருந்த தேதியைத் தடவிப் பார்த்தார்.

“பதினாலு மாசத்துக்கு முந்திப் போட்ட கட்டு. இன்னும் பிரிக்கல. நீங்கல்லாம் என்ன நர்ஸு?” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு மாதமாக அந்த வீட்டில் அவரை நம்பாத ஆள் என்று ஒருத்தி இருந்தாள். இப்போது எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். அவருக்கு அதுவே பாதி வைத்தியம்.

ஆனால் தம்ளரை வாங்கவில்லை. பாட்டில் தண்ணீருக்கும் அதே பதில்தான். “நீங்க நல்லவங்கதான். ஆனா நேத்து ஊத்துத் தண்ணின்னு சொன்னீங்களே. என் கண்ணு முன்னாடி அதைக் கழட்டணும், என் கண்ணு முன்னாடி மாட்டணும். அப்புறம் குடிக்கறேன்.”

மகளுக்குப் போன் போட்டாள். மகள் ஃபில்டர் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஆள் அடுத்த புதன்கிழமைதான் வருவானாம். இவர்களுக்கு இருந்ததோ வெள்ளிக்கிழமை வரை. உள்ளே போடும் வடிகட்டிகளை மட்டும் வாங்கி வரச் சொன்னாள் சார்ட்டம்மா. குடுவையில் இருந்த மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். சாயங்காலம் மகள் மூன்று நீளப் பெட்டிகளோடு வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டாள். தானும் அந்தப் பிளாஸ்டரைத் தினம் பார்த்ததாகச் சொன்னாள். ஃபில்டரைத் துடைக்கும்போதெல்லாம் அதைச் சுற்றி ஜாக்கிரதையாகத் துடைத்திருக்கிறாள்.

“நீங்க தேதியெல்லாம் போட்டு ஒட்டியிருக்கீங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்க்கா.”

சார்ட்டம்மா பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தாள். தெரியாத வேலையில் கைவைத்து உடைத்துவிட்டால் என்ன செய்வது என்று மகள் கவலைப்பட்டாள்.

“முப்பது வருஷமா மனுஷங்களுக்குக் குழாய் மாத்திட்டிருக்கேன். செவுத்துல இருக்கறது அசையாது, கத்தாது. இதை மாத்த மாட்டேனா?”

புதன்கிழமை மகள் வேலைக்குப் போனதும் ஏற்பாடுகள் தொடங்கின. சார்ட்டம்மாவுக்கு ஒரு வேலையைச் செய்ய ஒரே முறைதான் தெரியும். சமையலறை மேடையைத் துடைத்து, வெள்ளைத் துண்டு விரித்து, அதன் மேல் கையுறை, கத்தரிக்கோல், பழைய பல்துலக்கி, சோப்பு, குடுவையைத் திருகுவதற்கென்று பெட்டியோடு வந்த வளைய வடிவ ஸ்பானர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். கீழே ஒரு வாளி. பெரியவரை நாற்காலியோடு கதவருகே கொண்டுவந்து, விழாமல் பிடித்துக்கொள்ள இடுப்பில் கட்டும் அகலப் பட்டையையும் கட்டி உட்காரவைத்தாள். அவர் துண்டின் மேல் இருந்ததை எல்லாம் பார்த்துவிட்டு மயக்க மருந்து எங்கே என்று கேட்டார்.

உள்ளே வரும் தண்ணீரை மூடச் சொன்னார். மூடினாள். குழாயைத் திறந்து மிச்சம் இருக்கும் அழுத்தத்தை விடச் சொன்னார். விட்டாள். முதல் குடுவையில் ஸ்பானரை மாட்டித் திருகினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, பிறகு கல்லாக நின்றுவிட்டது. நெற்றியில் வியர்வை வரும்வரை வேடிக்கை பார்த்துவிட்டுப் பெரியவர் வாயைத் திறந்தார்.

“பாட்டில் மூடியைத் திறக்கற மாதிரி திருப்பறீங்க. இங்க மூடி செவுத்துல நிக்குது, நீங்க பாட்டிலைத் திருப்பறீங்க. எதிர்ப்பக்கம் திருப்பணும். இவ்வளவு நேரம் நல்லா இறுக்கிக் கொடுத்திருக்கீங்க.”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“முந்தாநேத்து ஊத்துத் தண்ணி கொடுத்தீங்கல்ல, அதுக்கு.”

எதிர்ப்பக்கம் திருப்பியும் வரவில்லை. அவள் இறுக்கிய இறுக்கு அப்படி. பெரியவர் நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றினார். எழுந்திருக்கப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் அவர் பின்னால் போய் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் ஸ்பானரைப் பிடித்தார். கையால் இழுக்கவில்லை, ஸ்பானர் பிடியின் நுனியில் உடம்பைச் சாய்த்தார். குடுவை கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பியது. அதிலிருந்த தண்ணீர் வாளியில் பாதியும் அவர்கள் இருவர் மேலும் மீதியுமாக விழுந்தது. இரண்டு பேரும் நனைந்துபோய், பட்டையைப் பிடித்தபடியும் சாய்ந்தபடியும் நின்றார்கள். அவர் முகத்தில் பதினாறு வயதுப் பையனின் திருட்டுத்தனமான சந்தோஷம்.

“உக்காருங்க” என்றாள். “மிச்சம் ரெண்டை நான் பாத்துக்கறேன். எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடுச்சு.”

முதல் குடுவையின் வடிகட்டி வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது. மழையில் போட்ட செருப்பின் அடிப்பகுதி போல இருந்தது. இரண்டாவது கரித் துகள் அடைத்தது, வாசத்தை எல்லாம் உறிஞ்சுவதற்கானது. அதை வெளியே எடுத்ததும் சமையலறை முழுக்கக் குடை விரிந்தது. பெரியவர் ஆழமாக மூச்சை இழுத்தார், ஏதோ பூந்தோட்டத்துக்கு வந்தவர் போல.

“எம் பொண்ணு வர்ற வரைக்கும் இதைத் தூக்கிப் போடாதீங்க. அவளும் மோந்து பாக்கட்டும்.”

ஒவ்வொரு குடுவையின் கழுத்திலும் தண்ணீர் கசியாமல் இருக்க ஒரு பெரிய ரப்பர் வளையம். சார்ட்டம்மா அதைக் கழற்றிக் கழுவிக் கொடுக்க, பெரியவர் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்த்தார். நல்ல ரப்பர், மாற்ற வேண்டாம் என்றார். அவள் குடுவைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கையுறையை மாற்றிக்கொண்டு, புது வடிகட்டிகளின் பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்து எடுத்தாள். உறையோடு மாட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று அழும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். தான் அவ்வளவு மோசமில்லை என்று அவள் சொன்னாள். மூன்றையும் மாட்டினாள். கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் கழற்றும்போதுதான் என்றார்.

தண்ணீரைத் திறக்கக் குழாயில் கைவைத்தவள் நிறுத்தினாள். ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் உள்ளே வைத்த பஞ்சையும் துணியையும் எண்ணுவார்கள். பயிற்சியில் ஒரு வாரம் அங்கே நின்றிருக்கிறாள். எண்ணிக்கை சரியாக வராமல் யாரும் ஊசியை எடுக்கக் கூடாது. அவள் துண்டின் மேல் இருந்ததைக் கண்ணால் எண்ணினாள். கத்தரிக்கோல் ஒன்று. பிரஷ் ஒன்று. பழைய வடிகட்டி மூன்று. உறை மூன்று.

“ஐயா, வளையம் மூணு கழட்டினோம். நான் உங்ககிட்ட இருந்து ரெண்டுதான் வாங்கிப் போட்டேன்.”

“மூணுதான்.”

“ரெண்டு.”

துண்டைத் தூக்கிப் பார்த்தாள். வாளிக்குள் கைவிட்டுத் துழாவினாள். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பெரியவரும் குனிந்து தேடினார். தேடும்போது அவருடைய சட்டைக்கை கொஞ்சம் மேலே ஏறியது. மணிக்கட்டில் வளையல் மாதிரி, கறுப்பாக, மூன்றாவது வளையம்.

அவரே அதை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு விளக்கினார். லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கும்போது கழற்றிய சாமானை எங்கேயும் வைக்க முடியாது. கைதவறினால் எட்டு மாடிக்குக் கீழே. அதனால் வளையம் மணிக்கட்டுக்கு, திருகாணி வாய்க்கு. நாற்பது வருடப் பழக்கம். கை தானாக மாட்டிக்கொண்டிருக்கிறது.

“வாயைத் திறங்க” என்றாள் சார்ட்டம்மா. அவர் திறந்தார். அங்கே எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவது குடுவையைக் கழற்றி வளையத்தைப் போட்டு மறுபடி மாட்டினாள். தண்ணீரை மெல்லத் திறந்தாள். ஒரு சொட்டுக் கசிவில்லை. குழாயில் முதலில் காற்று, பிறகு மை கரைத்த மாதிரி கறுப்பு நீர், பிறகு சாம்பல், பிறகு வெளுப்பு. பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. பெரியவர் தன் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து ஓடவிட்டார். பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் சிவப்பு விளக்கு பச்சையானது.

அவள் ஒரு தம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“முதல்ல நீங்க.”

“நான் வேலை செய்யற வீட்டுல குடிக்கறதில்ல.”

“நேத்து குடிச்சீங்களே.”

“அது மாத்திரைக்கு.”

“இது எனக்கு” என்றார் அவர்.

சார்ட்டம்மா தம்ளரைப் பார்த்தாள். பிறகு நின்றபடியே, முழுத் தம்ளரையும், மூச்சு விடாமல் குடித்தாள். தண்ணீர் தண்ணீராக இருந்தது. வேறு எதுவும் இல்லை. தம்ளரைக் கழுவி, மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். பெரியவர் முகர்ந்தார். ஒரு வாய். நாக்கைச் சப்பினார். பிறகு கவிழ்த்தார். இன்னொன்று கேட்டார். அதையும் கவிழ்த்துவிட்டு மூன்றாவது கேட்டபோது, ஒரே மூச்சில் ஒரு மாத பாக்கியைத் தீர்க்க வேண்டாம், மணிக்கு ஒன்று போதும் என்று அதட்டினாள்.

புதன்கிழமை ஒன்பது தம்ளர். வியாழக்கிழமை பத்து. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சார்ட்டில் ஒத்துப்போயின. செடித்தொட்டியின் மண்ணைச் சார்ட்டம்மா இரண்டு வேளையும் விரல் விட்டுச் சோதித்தாள், காய்ந்துகொண்டு வந்தது. மகள் அந்தக் கரி வடிகட்டியை முகர்ந்துவிட்டு, அன்று ராத்திரி டீயே போடவில்லை.

வெள்ளிக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் கிளினிக்கிலிருந்து போன். எண் நன்றாக இறங்கியிருக்கிறது, இனி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஒரு கட்டு மாற்றினோம் என்றாள் சார்ட்டம்மா. டாக்டருக்குப் புரியவில்லை, அவளும் விளக்கவில்லை.

பெரியவர் அன்று லிஃப்ட் வரை போய்க் கதவில் காதை வைத்துவிட்டு, அங்கேயே திரும்பாமல் மாடிப்படி வரை நடந்தார். ஐம்பத்தாறு அடி. வழியில் லிஃப்ட் கம்பெனியைத் திட்டினார். இரண்டையும் அவள் எழுதிக்கொண்டாள். செடிக்கும் இப்போது சார்ட்டில் ஒரு கட்டம் இருக்கிறது: வாரம் இரண்டு தம்ளர், ஊற்றுபவர் சார்ட்டம்மா மட்டும். ஃபில்டர் குடுவையின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர், அதில் மாற்றிய தேதியும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியும். விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி.

மத்தியானம் திரைச்சீலையை மூடிப் படுக்கவைத்துவிட்டு அவள் நகர்ந்தபோது கூப்பிட்டார்.

“சார்ட்டம்மா, அந்தப் பச்சை விளக்கு கண்ணைக் குத்துது.”

அவள் கை தானாகப் பைக்குள் போய் பிளாஸ்டர் சுருளைப் பிடித்தது. பிடித்ததை விட்டுவிட்டு வெளியே வந்தது. கட்டிலுக்கு வந்தாள், அவரை எழுப்பி உட்காரவைத்தாள், தலையணையை எடுத்துக் கால்மாட்டில் வைத்தாள்.

“இப்படிப் படுங்க” என்றாள். “செடியைப் பாத்துட்டுத் தூங்குங்க. அதுகிட்ட நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டியிருக்கு.”